ஒற்றை நட்சத்திரத்தைத் தேடி அனந்தபுரம் போனோம்

1. பர்வீன் போனை நீட்டிய காலை

செஞ்சியில் ஒரு பல் கிளினிக்கில் நான் ஆயாம்மா வேலை பார்க்கிறேன். தரை துடைப்பேன், கருவிகளைக் கழுவிக் கொடுப்பேன், பயந்து வருகிறவர்களைச் சேரில் உட்கார வைப்பேன். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. புது ஆளிடம் பேச இந்த வயதிலும் எனக்குக் கூச்சம்தான். கிளினிக் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு உதவும் என்று பர்வீன் சொல்லிச் சொல்லித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பர்வீன் எங்கள் ரிசப்ஷன் பெண். அன்று காலை கதவைத் திறந்ததும், “ஆயாம்மா, இத பாரு” என்று போனை நீட்டினாள். எங்கள் கிளினிக் பெயருக்குக் கீழே அஞ்சுக்கு ஒரே ஒரு நட்சத்திரம். “நைனாவுக்கு பல்லு புடுங்கினாங்க, ரத்தமே நிக்கல. மூஞ்சி வீங்கிப் போச்சு. யாரும் இங்க போவாதீங்க” என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

ஒருத்தி எழுதினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் எங்களிடம் வருகிறவர்களின் பிள்ளைகள் பாதிப் பேர் சென்னையில் இருக்கிறார்கள். அங்கிருந்தே போனில் பார்த்துவிட்டு, “அங்க போவாதம்மா, திண்டிவனம் போ” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வாரம் பெஞ்சு காலியாகவே கிடந்தது. டாக்டரம்மா வெளியூர்ப் பெண். கிளினிக் ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. “மூடிட்டு வீட்டுக்கு வந்துடும்மா” என்று அவர் அப்பா தினமும் போன் பண்ணினார். அவர் போய்விட்டால் எனக்கும் வேலை இல்லை. குரல் உயர்த்தாத ஒரு முதலாளி இந்த வயதில் இன்னொரு தடவை கிடைப்பாரா?

2. எழுதியதை அழித்தார்

பர்வீனுக்குக் கோபம். “‘நாங்க சொன்னபடி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க’ன்னு பதில் போட்டுடறேன் டாக்டர்” என்று வேகவேகமாக அடித்தாள். டாக்டரம்மா போனை வாங்கி அதை அழித்தார்.

“ஒருத்தர் வாய்ல என்ன நடந்துச்சுன்னு ஊர் பாக்க எழுதக் கூடாது பர்வீன். அவங்களுக்கு வலிக்குது. முதல்ல அத பாக்கணும்.”

யார் எழுதியது என்று பேரைப் பார்த்ததும் பர்வீனுக்குத் தெரிந்துவிட்டது. அனந்தபுரத்துப் பெரியவர் ஏழுமலையின் மகள் சுமதி. (பேர்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) போன் போட்டால் சுமதி எடுக்கவில்லை.

“நேர்லயே போய்ப் பாத்துடலாம். நான் தனியா போய் நின்னா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். நீங்களும் வாங்கம்மா” என்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அங்கே என்ன திட்டு விழப்போகிறதோ என்று வழியெல்லாம் அதே நினைப்புதான்.

3. ஒரு சொட்டு முழுங்கவில்லை

வாசலிலேயே சுமதி பிடித்துக்கொண்டாள். “இன்னா, எழுதினத அழிக்கச் சொல்ல வந்தீங்களா?”

“இல்லம்மா. அப்பாவப் பாக்க வந்தேன்.”

ஏழுமலை கட்டிலில் இருந்தார். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். பல் எடுத்த குழியில் கறுப்பாக என்னவோ அடைத்திருந்தது.

“இது என்னங்கய்யா?”

“காப்பித்தூளு” என்றார் பெரியவர். “கைல வெட்டிக்கினா வைக்கறதில்லையா? ரத்தம் நிக்கலன்னு வச்சி அமுக்குனேன்.”

“பஞ்சு கடிச்சிக்கச் சொன்னேனே?”

“பஸ்ஸு ஏறினதும் எடுத்துட்டேன். அத வச்சிக்கினு எப்பிடித் துப்பறது?” பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஜன்னலாண்ட குந்திக்கினு வழியெல்லாம் துப்பிக்கினே வந்தேன். கெட்ட ரத்தம் ஒரு சொட்டு முழுங்கலியே!”

“பின்சீட்டுக்காரன் மூஞ்சிலயும் துப்பி, அவன்கிட்ட ஒரு சண்ட” என்றாள் சுமதி. சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “துப்பத் துப்பத்தான் ரத்தம் வரும் ஐயா. அத நான் உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லல. என் தப்பு” என்றார். படித்த டாக்டர் கட்டிலோரம் நின்று இப்படிச் சொல்வார் என்று சுமதி எதிர்பார்க்கவில்லை போல. அன்று சாயங்காலமே ஆட்டோவில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். டாக்டரம்மா குழியைச் சுத்தம் செய்து மாத்திரை கொடுத்தார். சில நாளில் வீக்கம் வடிந்தது.

4. சுமதி எழுதியது

“எழுதினத எடுத்துடறேன் டாக்டர்” என்றாள் சுமதி.

“எடுக்க வேணாம். நடந்தத முழுசா எழுதுங்க. படிக்கறவங்களாவது துப்பாம இருப்பாங்க.”

காப்பித்தூள், பஸ், பின்சீட்டுக்காரர் எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில், “வீடு தேடி வந்து பாத்தாங்க” என்று முடித்திருந்தாள். நட்சத்திரம் நாலு. “அஞ்சு போட்டா கை வலிக்குமா?” என்று பர்வீன் கேட்டதற்கு, “ரத்தம் வந்தது வந்ததுதானே” என்றாள்.

அதைப் படித்துவிட்டே ஆட்கள் வந்தார்கள். பெஞ்சு மறுபடி நிறைந்தது. டாக்டரம்மா அப்பாவிடம் போனில், “நான் இங்கயே இருக்கேன்பா” என்று சொன்னது சுத்தம் செய்கிற அறை வரைக்கும் கேட்டது. கழுவிய கருவிகளையே இன்னொரு தடவை கழுவினேன்.

இப்போது பல் எடுத்தவரை அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துத்தான் அனுப்புகிறோம். பஞ்சை எடுக்காதே, துப்பாதே, எச்சிலை முழுங்கு, காப்பித்தூள் வைக்காதே என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது என் வேலை. பஞ்சு கடித்த வாயால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அதனால் எனக்கும் கூச்சம் வருவதில்லை.

டாக்டரம்மாவுக்கும் பர்வீனுக்கும் நான் நன்றி சொல்வது வழக்கம்தான். சுமதிக்கும் சொல்ல வேண்டும். முகம் சுளித்துக்கொண்டு வேறு கிளினிக்குக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு எங்களால் என்ன குறை வந்தது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. இவள் திட்டியாவது சொன்னாள்.