மச்சானின் வேட்டியில் கடல்

என் மகளின் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் கட்டிய பேனரில், என் மனைவியின் அண்ணனுக்கு உடம்பு இல்லை. மீசை இருந்தது. கைக்கடிகாரம் இருந்தது. சட்டை இருக்க வேண்டிய இடத்தில் கடற்கரைக் கோயிலும், வேட்டி இருக்க வேண்டிய இடத்தில் கடலும் தெரிந்தன. பேனரைச் செய்தவன் நான். கம்ப்யூட்டர் கோளாறு என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கோளாறு ஒன்றுமில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகள் அவை. பிளெக்ஸ் பேனர் அப்போதுதான் எங்கள் பக்கம் பரவியிருந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். இயற்பியல் படித்தவன் நான். படம் திருத்தும் மென்பொருள் ஒன்றைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டு, அண்டை வீட்டுக்காரர்கள் என்னைக் கண்டால் கதவைச் சாத்தும் அளவுக்கு அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மச்சான் எங்கள் வீட்டுப் படியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. குடியிருப்பு வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தபோது அவர் கொடுத்த, சிப்பி பதித்த சுவர்க்கடிகாரத்தை நான் வாஷிங் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்தேன். கை கழுவப் போனவர் பார்த்துவிட்டார். தாய்மாமன் மாலை போடாமல் மகள் மணமேடை ஏறினால் என் மனைவி தன் பிறந்த வீட்டாரை நிமிர்ந்து பார்க்க முடியாது. அவள்தான் பேனர் யோசனையைச் சொன்னாள்.

"அண்ணன் படம் பெருசா இருக்கணுங்க. வாசல்லயே அத பாத்தா கோவம் போயிடும்."

ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மச்சான், பின்னால் கடற்கரைக் கோயில். இருவருமே வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. இருவருமே வெள்ளைச் சுவர் முன் எடுத்த படம். சுவரை நீக்க வேண்டும். அதற்கு ஒழுங்கான வழி, மவுஸைப் பிடித்து உருவத்தின் ஓரமாகவே போய் வெட்டி எடுப்பது. என் படத்தை அப்படித்தான் வெட்டினேன். காதுமடல்வரை பொறுமையாக வெட்டினேன். மச்சானிடம் வந்தபோது கை வலித்தது.

குறுக்குவழி ஒன்று எனக்குத் தெரியும். படங்களைக் கண்ணாடித் தாள்கள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். அதில் மல்டிப்ளை என்று ஒரு முறை. கறுப்புக்குப் பூஜ்யம், வெள்ளைக்கு ஒன்று என்று வைத்து, மேலே உள்ள புள்ளியைக் கீழே உள்ள புள்ளியால் பெருக்கும். ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாதே. ஆகவே மேலே உள்ள வெள்ளை மறைந்து, கீழே இருப்பது அப்படியே தெரியும். சொடுக்கினேன். சுவர் போயிற்று. சட்டையும் வேட்டியும் கூடவே போயின. முகத்தில் வானத்தின் நீலம் ஏறியிருந்தது. வேட்டியின் பச்சைக் கரை மட்டும் தனிக் கோடாக அலைமேல் நின்றது.

இதற்கு நேரெதிரான ஸ்கிரீன் என்ற முறையில் கறுப்பு மறையும். அதையும் போட்டுப் பார்த்தேன். வேட்டி சட்டை திரும்பி வந்தன, சுவரும் வந்தது, மீசை போய்விட்டது. மீசையில்லாத மச்சானைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். பிறகு மல்டிப்ளைக்கே திரும்பி, அப்படியே சேமித்தேன். வெட்ட நேரம் இருந்தது. சிரிப்பாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

செங்கல்பட்டு பிளெக்ஸ் கடைக்காரர் குறுந்தட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "சார், இன்னா சார், அண்ணாத்த வெறும் மீசையா கீறாரு?"

"அது ஒரு ஸ்டைல்பா," என்றேன்.

கல்யாணத்தன்று காலை மச்சான் சீர்வரிசையோடு வேனில் வந்து இறங்கினார். ஆரத்தித் தட்டோடு என் மனைவி முன்னால் நின்றாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை, பேனரைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, என் வயித்துல கோயில் கீது?"

"கம்ப்யூட்டர் கோளாறு மச்சான். வெள்ளைத் துணின்னா அது காட்டாது."

அவர் என் படத்துக்கு நகர்ந்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உன் வேட்டியும் வெள்ளதான? அது மட்டும் சோக்கா நிக்குது?"

வாசலோர ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்வாங்கினேன். ஆரத்தித் தட்டுக்கு மேலாக என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் என் பெருக்கல் கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது.

மச்சான் திரும்பி வேனில் ஏறவில்லை. பேனரில் தன் உருவம் இருந்த இடத்துக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டார். "எனக்கு உடம்பு கீதுன்னு வர்றவன் பாத்துக்கட்டும். நான் இங்கயே நிக்கிறேன்." வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு, "உள்ள போங்க, நாஸ்தா ரெடி," என்று அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் அவரைத்தான் பெண்ணின் அப்பா என்று நினைத்துக் கைகுலுக்கினார்கள். முகூர்த்தம் நெருங்கியது. என் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, உள்ள வாண்ணா. உன் கால்ல வுழறேன்."

"கொயந்தைக்கு மால போடணும்னுதான் வந்தேன். இந்த எடத்த வுட்டு வர மாட்டேன்."

அவள் அழவில்லை. உள்ளே போனாள். மணமகளையும் நாதஸ்வரத்தையும் வீடியோக்காரரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பாதி சாப்பிட்டவர்கள்கூட எழுந்து பின்னால் வந்தார்கள். மண்டபத்தை ஒட்டிய ஈ.சி.ஆர் சாலையில் போன பேருந்து வேகம் குறைத்தது. மச்சான் அங்கேயே, பேனருக்கு முன்னால், என் மகளுக்கு மாலை போட்டார். மகள் அவர் காலில் விழுந்தபோது அவருக்குத்தான் கண் கலங்கியது. அதன்பிறகு அவளைக் கையைப் பிடித்து மேடைவரை கூட்டிப்போனார்.

நான் அந்த நேரம் ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்றிருந்தேன். முன்னால் வந்து, "தெரிந்தேதான் செய்தேன் மச்சான்," என்று சொல்லியிருக்கலாம். அவர் உயிரோடு இருந்தவரை சொல்லவில்லை.

மாலை போடும் படம் ஆல்பத்தில் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், என் மனைவி மச்சானுக்குப் பக்கத்தில், சட்டை கசங்காமல் பிளெக்ஸில் நிற்கும் என்னை விரலால் தொட்டுக் காட்டுகிறாள்.