புதன்டாக்

எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண் நர்சிங் முடித்தவள். ஜெர்மனிக்குப் போகப் போகிறாள். பெரம்பலூரில் இப்போது இது அதிசயமே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ‘ஜெர்மன் கற்றுத் தரப்படும்’ என்று போர்டு தொங்குகிறது. இவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, துணி காயப்போட்டபடியே பாடம் சொல்வாள். போன வாரம் “மோன்டாக், டீன்ஸ்டாக், மிட்வோஹ்...” என்று கிழமைகளைச் சொல்லிக்கொண்டே வந்து நின்றுவிட்டாள். அடுத்தது வரவில்லை. கீழே கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த நான் என்னையறியாமல் “டோனர்ஸ்டாக்” என்றேன்.

மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். “ஆன்ட்டி, நீங்களா சொன்னீங்க?”

“ரேடியோவா இருக்கும்மா” என்று உள்ளே வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது.

எனக்கு ஜெர்மன் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு கிழமை, ஒரு கேள்வி, அவ்வளவுதான் என் ஜெர்மன். அதை வைத்துக்கொண்டு அங்கே ஒரு டீ வாங்கிக் குடிக்க முடியாது.

செந்துறைப் பக்கம் எங்கள் ஊர். முந்திரிக்கொல்லைக்கு நடுவில் வீடு. கொட்டை சுடுகிற நாட்களில் புகை துணியிலும் தலைமயிரிலும் ஏறிக்கொள்ளும். மாதாகோவிலில் பூசைக்குப் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களே கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். கொட்டையிலிருந்து தெறிக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்துப்போகும். என் அக்கா சகாயத்துக்கு இரண்டு கை விரல்களும் அப்படித்தான் இருந்தன. எழுபதுகளின் நடுவில், ஜெர்மனியில் நர்ஸ் வேலை கற்றுக்கொள்ள கன்னியாஸ்திரீகள் அவளைத் தேர்ந்தெடுத்தபோது அவளுடைய ஒரே கவலை அந்த விரல்கள்தான்.

“இந்தக் கையால தொட்டா அந்த ஊரு நோயாளிங்க பயந்துடுவாங்கடி.”

திருச்சியில் மடத்தில் சில மாதம் பாஷை சொல்லிக்கொடுத்தார்கள். கிளம்புவதற்கு முன்பு வீட்டுக்கு வந்திருந்தவள், கொட்டை உடைத்துக்கொண்டே கிழமைகளையும், ‘இன்றைக்கு என்ன கிழமை’ என்கிற கேள்வியையும் ஒப்பிப்பாள். நானும் கூடவே சொல்லுவேன். அம்மா கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு ஒருநாள், “எல்லாத்துக்கும் பின்னாடி டாக்கு டாக்குங்கிறீங்க. அந்த ஒண்ணு மட்டும் ஏன்டி மொட்டையா நிக்குது?” என்றாள். புதன்கிழமையைத்தான் சொன்னாள். அக்கா அசந்துபோய்விட்டாள். “அது வாரத்துக்கு நடும்மா. மிட்வோஹ்னா வாரத்து நடு.” அம்மாவுக்குத் திருப்தியில்லை. “நடுன்னா நடுப்புள்ளை மாதிரி, பேரு வைக்காம வுட்டுட்டாங்களா” என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கன்னியாஸ்திரீ அவளை மெட்ராஸிலிருந்து ரயிலில் அரியலூருக்கு அழைத்துவந்தார். நான் அப்போது அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிது. அப்பாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். “சகாயத்துக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லைங்க. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டா சரியாயிடும்” என்று சொல்லி, பெட்டியைக் கொடுத்துவிட்டு அந்தம்மா அடுத்த வண்டிக்குக் காத்திருக்கப் போய்விட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார்.

பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்மேல் ஏதோ சோப்பு வாசனை. விரல்கள் வெளுத்துச் சுத்தமாக இருந்தன. வழி முழுக்க அவற்றை மடியில் கோத்து வைத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் யாரோ கால்மாட்டில் நிற்பது மாதிரி இருக்க, விழித்தேன். அக்கா. நாடி பார்க்கிற மாதிரி தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். “வெல்ஷர் டாக் இஸ்ட் ஹொய்ட?”

இன்றைக்கு என்ன கிழமை. தூக்கக் கலக்கத்தில் “வெள்ளிக்கிழமைக்கா” என்றேன். அவள் மறுபடி கேட்டாள். இன்னொரு முறை. குரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. “ஃப்ரைடாக்” என்ற பிறகுதான் தலையாட்டினாள். அப்புறம் அம்மாவின் பாய்க்குப் போனாள். அதே கேள்வி. அடுத்து அப்பாவின் கட்டில்.

தினமும் இப்படித்தான். எங்கள் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்பாள். ஜெர்மனில் பதில் வந்தால்தான் காபியைத் தொடுவாள். பகலெல்லாம் கொல்லையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேறு பேச்சு கிடையாது.

அம்மா பிடிவாதமாகத் தமிழில்தான் பதில் சொன்னாள். “நாம அதுக்கு எசைஞ்சு குடுத்தா அது போவாது. கோவிலுக்குக் கூட்டிட்டுப் போயி கட்டிப் போடுவோம். நாப்பது நாள் இருந்தா தெளிஞ்சுடும்னு சொல்றாங்க.” புத்தி பேதலித்தவர்களைச் சங்கிலி போட்டு வைத்திருக்கிற கோவில்கள் அப்போது எல்லா மதத்திலும் இருந்தன. ஊரும் அதைத்தான் சொன்னது.

அப்பா கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். யார் என்ன சொன்னாலும் சரி என்று கேட்டுக்கொள்கிறவர். அன்றைக்கு மட்டும் சொன்னார்: “அவ என்ன கேக்குறான்னு நமக்குத் தெரியுதுல்ல? தெரிஞ்சத சொல்லுவோம். சொல்றதுல என்ன கொறஞ்சுடப் போவுது?”

அதன்பிறகு அவர் என்னிடம் பாடம் கேட்க ஆரம்பித்தார். நான் காலை பஸ்ஸுக்கு நடக்கும்போது கூடவே வருவார், ‘டோனஸ்டாக்கு, டோனஸ்டாக்கு’ என்று முணுமுணுத்துக்கொண்டு. எதிரே வருகிறவர்கள் ஜெபம் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்குவார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். என் உதவி அதிகம் தேவைப்பட்டது புதன்கிழமைக்குத்தான். அந்த மொட்டைப் பெயர் அவர் நாக்கில் நிற்கவேயில்லை. நான்தான் சுவரோரம் படுத்தபடி மெதுவாக எடுத்துக் கொடுப்பேன்.

ஐப்பசி மழையில் நனைந்து எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டெலிபோன் ஆபரேட்டருக்குக் குரல் போனால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். மறுநாள் புதன்.

அக்கா என்னிடம் முதலில் வந்தாள். நான் வாயசைத்தேன், காற்றுதான் வந்தது. அவள் காத்திருந்தாள். பிறகு அம்மாவிடம் போனாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவின் கட்டிலுக்குப் போய்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “வெல்ஷர் டாக் இஸ்ட் ஹொய்ட?”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் குவித்துக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. மகள் விடாமல் கேட்கிறாள். மனுஷன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பரீட்சையில் எழுந்து நிற்கிற பையன் மாதிரி எழுந்து நின்று சொன்னார்:

“புதன்டாக்.”

அக்கா அவரையே பார்த்தாள். வாய் கோணியது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்தாள். அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “மிட்வோஹ்ப்பா” என்றாள். “மிட்வோஹ்.” அம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். “என்னடி சொன்ன? அப்பான்னா சொன்ன?”

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. கேள்வி இன்னும் பல மாதம் வந்தது. இடையிடையே தமிழும் வந்தது. கோவில் பேச்சை அம்மா எடுக்கவேயில்லை. பிறகு அக்கா பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற வேலைக்குப் போனாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். “அங்க என்னதான்க்கா நடந்துச்சு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல், “குளிருடி” என்றாள். கொஞ்சம் கழித்து, “அவ்வளவு குளிரு.” அப்பா போனார், அம்மா போனாள், ஒரு மாசி மாதம் அக்காவும் போனாள்.

அதற்குப் பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் கண்விழித்தவரிடம் சின்ன வயசு டாக்டர் குனிந்து கேட்டார். “அய்யா, இன்னிக்கு என்ன கிழமை சொல்லுங்க?”

“ஏன், உங்களுக்குத் தெரியாதா?” என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கக் கேட்கிற கேள்வி அது. யாரோ யாரையோ தினமும் காலையில் கேட்டிருக்கிறார்கள். அக்கா நர்ஸாகக் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டாளா? அப்படியென்றால் எங்கள் வீட்டிலும் அவள் டியூட்டிதான் பார்த்திருக்கிறாள், நாங்கள் மூன்று பேரும் நோயாளிகள். இல்லை, கட்டிலில் அவள் கிடக்க, யாரோ கால்மாட்டில் நின்று அவளைக் கேட்டார்களா? தெரிந்தும் சொல்ல வாய் வராமல் எத்தனை காலைகள் கிடந்தாளோ? இந்த வயதிலும் இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ரயிலில் வந்த கன்னியாஸ்திரீயின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுவைக்கவில்லை.

கொல்லை இருந்த நிலத்தைப் பங்காளிகள் சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கக் கொடுத்துவிட்டார்கள். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது போய்ப் பார்த்தேன். மரங்களும் இல்லை, வீடும் இல்லை, வீடு நின்ற தரையும் இல்லை. வெட்டிக்கொண்டே போய் மிக ஆழத்தில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. கரையில் முள்வேலி. அப்பாவின் கட்டில் கிடந்த இடம் எது என்று கையை நீட்டிக் காட்டப் பார்த்தேன். வெறும் காற்றைத்தான் காட்ட முடிந்தது.