எருக்குழி ஓரத்து மண்

எண்பதுகளில் மாடம்பாக்கத்தில் நெல் பயிரிட்டு வந்தோம். மண் பரிசோதனை நிலையத்தில் வயல் மண் கேட்டபோது, ஊரிலேயே எங்கள் மண்தான் சிறந்தது என்று பெயர் வர வேண்டுமென்று எருக்குழி ஓரத்திலிருந்து அள்ளிக் கொடுத்தேன். உரமே தேவையில்லை என்று முடிவு வந்தது. எல்லோரிடமும் காட்டினேன். உரம் போடாமலே நட்டேன்; ஒரே மாதத்தில் பயிர் மஞ்சளாகிவிட்டது.

பரிசோதனை நிலையத்து மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"வயல்ல பத்து இடத்துல எடுத்துக் கலந்து கொண்டு வாங்கக்கா" என்றார்.

இம்முறை தழைச்சத்து குறைவு என்று வந்தது. சொன்ன அளவு யூரியா போட்டேன். பயிர் தேறியது.

அடுத்த பருவத்தில், மண் எடுக்கும் முறையை ஊராருக்குச் சொல்லித்தர மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன்.

முடித்ததும் பக்கத்து வயல்காரர் எழுந்து, "நானும் அப்பிடித்தான் எடுத்தேம்மா" என்றார்.

அன்றைக்குப்போல் தலைநிமிர்ந்து நான் வீட்டுக்கு நடந்ததில்லை.