பாதாளத்தில் இறங்கிய வரி

போன மாதம் தேனியில் ஒரு கல்யாணம். பெண் வீடு கத்தோலிக்கர், மாப்பிள்ளை வீடு புரோட்டஸ்டண்ட். சாமியாரும் போதகரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். விசுவாச மந்திரத்தில் இரண்டு கூட்டமும் ஆளுக்கொரு வார்த்தையில் இடித்துக்கொண்டு, ஆண்டவர் செத்துப் பாதாளத்தில் இறங்கினார் என்கிற இடத்தில் மட்டும் ஒன்றாகச் சேர்ந்தன. நான் பழக்கதோஷத்தில் பக்கத்து உதடுகளைப் பார்த்தேன். ஒருகாலத்தில் அதுதான் என் வேலை.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்க ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். உத்தமபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் உபதேசியார், வயது இருபத்திரண்டு. சாமியார் மாதம் இரண்டு முறை வருவார். மற்ற நாளில் சாயங்கால செபம் நடத்துவதும், அவருக்குப் பதிலாக ஊரைச் சந்தேகப்படுவதும் நான்தான். சந்தேகத்தை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. பிறவியிலேயே நன்றாக வரும்.

பெரியகுளம் பக்கமிருந்து ஒருவர் வந்து, மாற்கு சுவிசேஷத்தைச் சின்னச் சின்னப் புத்தகமாக விற்றுவிட்டுப் போனார். பதிதர்களின் வேதம். அப்போது மாற்றுச் சபைக்காரர்களை அப்படித்தான் சொல்வோம். வாங்கி அடுப்பில் போடச் சொல்லிச் சாமியார் உத்தரவு. விற்றது நாலு என்றார்கள், மூன்றுதான் கிடைத்தது.

நாலாவது யாரிடம் என்று செபத்தில் முகம் முகமாகப் பார்த்தேன். அன்னம்மாக்கா மட்டும் பாதாள வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. பண்ணைப்புரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஞானஸ்நானம் வாங்கியவர்; புருஷன் மலைமேல் ஏலத்தோட்டத்தில். சரிதான், கட்சி மாறியாயிற்று என்று முடிவு கட்டினேன். பத்து நாள் வேவு பார்த்துவிட்டு வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. ஏலக்காய்ப் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். தாளெல்லாம் மணத்தது.

"எனக்குத்தான் எழுத்து தெரியாதுல்ல, உபதேசியாரே. அந்த வரி வேதத்துல இல்ல, பின்னால பெரியவுக சேத்ததுன்னு பொஸ்தகக்காரவுக சொன்னாக. அதுலருந்து வாய் வரல."

"அந்த வரியில உங்களுக்கு என்னக்கா?"

"எங்கய்யா ஞானஸ்நானம் வாங்காமப் போய்ச் சேந்தாரு. சாமி அங்கன எறங்கினாருன்னா அவரையும் பாத்திருப்பாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீங்க படிச்சவுக. இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அடுப்பில் போடவேண்டியதைக் கோயில் பின்கட்டில் ஒளிந்து படித்தேன். முதலிலிருந்து கடைசிவரை அந்த வரி இல்லை. என் சந்தேகம் அப்படியே சாமியார் பக்கம் திரும்பியது. அவர் வந்ததும் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"புத்தகம் நம்ம கைக்கு வருமுன்னாலேயே திருச்சபை வாயால சொல்லிவந்த விசுவாசம் இது. இதை வச்சுத்தான் புத்தகத்தைப் படிக்கணும். வேதத்துலயே ஆண்டவரோட சீஷர் இராயப்பர் எழுதின நிருபத்தைப் பாரு. காவல்ல கிடந்த ஆத்துமாக்களுக்கு ஆண்டவர் போய்ப் போதிச்சார்னு இருக்கு."

"அப்ப அன்னம்மாக்காவோட அய்யா?"

"அது ஆண்டவர் வர்றதுக்கு முன்னாலயே செத்த நீதிமான்களுக்கு," என்றார். "இவருக்குன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை."

நான் அக்காவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். "இருக்குக்கா. இராயப்பரே எழுதியிருக்காக."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் ஊரைப் பார்த்த அதே பார்வை.

"முழுசாத்தான் சொல்றீகளா?"

"முழுசாத்தான்."

அன்று சாயங்காலம் அந்த வரி அவர் வாயிலிருந்து எல்லாரையும்விடச் சத்தமாக வந்தது. நான்தான் முணுமுணுத்தேன். நம்பினாரா, என்மேல் இரக்கப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

சாமியார் போய்விட்டார், அக்காவும் போய்விட்டார். பதிதர் என்ற சொல்லும் வழக்கொழிந்தது. யார் வீட்டில் எந்த வேதம் இருந்தாலும் இப்போது கேட்பாரில்லை, நல்லதுதான். ஆனால், ஒரு வரி வேதத்தில் இல்லை என்று கேட்டதும் வாய் வராமல்போகிற ஆளையும் அப்புறம் நான் பார்க்கவில்லை.