கை நனைக்காமல் எழும்பிய வீடு

எங்கள் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோபம். கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் சாப்பிடுவது. சாதாரண நாளில் ஒரு தேத்தண்ணியாவது குடித்தால் போதும். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சோறு சாப்பிட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் விடிவதற்குள் “அவையளுக்குள்ளை என்னவோ” என்று கதை போய்விடும். இதில் சைவக்காரர், வேதக்காரர் என்ற பேதம் இல்லை. நாங்கள் வேதக்காரர். பூட்டன் காலத்திலிருந்து மிஷன் பள்ளிக்கூடத்திலும் சேர்ச்சிலும் வளர்ந்த குடும்பம். எல்லாரையும் மன்னிக்கவேண்டும் என்று ஞாயிறுதோறும் கேட்டுவிட்டு வருவோம். கை நனைக்காமல் போனவரை மட்டும் மன்னிக்கமாட்டோம்.

நான் அப்படி எழும்பி வந்தது என் சொந்த அக்கா வீட்டிலிருந்து. அதுவும் அவளின் மகளுக்குக் கலியாணம் முற்றாக்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த நாளில்.

அதற்கு முந்தின வருடம் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். மார்பை எடுத்தார்கள். பிறகு ஊசி மருந்து, அதன் பிறகு கதிர்ச் சிகிச்சை, இப்போது தினமும் ஒரு குளிசை. இதில் ஒன்றையும் நான் ஒளிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பித்தவள் நான். வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வருத்தம் பார்க்க வந்தவர்களுக்கு, கதிரையில் நிமிர்ந்து இருந்து நானே விபரம் சொன்னேன். தலைமயிர் கொட்டியதையும் மறைக்கவில்லை. கட்டி ஏதும் தட்டுப்பட்டால் சும்மா இருக்கவேண்டாம் என்று பெண்களுக்கு ஒரு வகுப்பும் எடுத்துத்தான் அனுப்பினேன். “உவ நல்ல துணிவான மனுசி” என்று படலைக்கு வெளியே நின்று சொன்னார்கள். அது என் காதில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் வெளியே சொல்லாதது என் வயிற்றின் கதையை.

ஊசி மருந்து ஏற்றிய மாதங்களில் வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது. ஓங்காளித்துச் சத்தி எடுக்காமல் இருக்கத் தந்த குளிசை அதை இன்னும் இறுக்கிவிட்டது. கக்கூசுக்குள் போய், வியர்த்து விறுவிறுத்து, ஒன்றும் நடக்காமல் வெளியே வருவேன். மருந்து முடிய எல்லாம் சரிவரும் என்று நினைத்தேன். மருந்து முடிந்து சில காலத்தில் அது மற்றப் பக்கம் திரும்பியது. பால் பட்டால், எண்ணெய் பட்டால், உறைப்புப் பட்டால் வயிற்றால் போகும். யாழ்ப்பாணத்தில் இந்த மூன்றும் படாத சாப்பாட்டை எங்கே தேடுவது? அதுவும் சொல்லிக்கொண்டு வராது. வயிற்றுக்குள் ஒரு உருட்டல் கேட்கும். அதற்குப் பிறகு எழும்பி நடக்கவே நேரம் காணாது. ஒருநாள் சந்தையிலிருந்து வரும் வழியில் நேரம் காணாமலே போய்விட்டது. அன்றைக்குக் கிணற்றடியில் நின்று என் சேலையை நானே அலசினேன். அழுதேன். மார்பை எடுத்த அன்று கூட நான் அப்படி அழவில்லை.

பெருங்குடலையும் சிறுகுடலையும் கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியவள் நான். பிள்ளைகள் சிரித்தால், “என்ன சிரிப்பு, உங்களிட்டை உது இல்லையோ?” என்று ஏசியும் இருக்கிறேன். எனக்கென்று வந்தபோது வாய் திறக்கவில்லை. கிளினிக்கில் வயிறு எப்படி என்று கேட்டால், ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மார்பு போனதிலாவது ஒரு மரியாதை இருந்தது. இதில் என்ன மரியாதை இருக்கிறது?

வீட்டில் இவருக்கு மட்டும் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிற புருஷனுக்கு எப்படி மறைப்பது. “நீர் டொக்டரிட்டைச் சொல்லும்” என்பார். “உம்மடை வேலையைப் பாரும்” என்பேன்.

அக்கா சாவகச்சேரியில் இருக்கிறாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவளின் ஒரே மகள், என் பெறாமகள், பாதி நாள் என் வீட்டில் வளர்ந்தவள். அவளுக்குக் கலியாணம் முற்றாக்குகிற நாளில் நான் இல்லாமல் இருக்கமுடியுமா? போனேன். காலையில் ஆசைக்கு ஒரு தோசையைச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டுப் போனதுதான் நான் செய்த விசர் வேலை. போனவுடன் தந்த பால் தேத்தண்ணியைக் குடிக்கப் பயந்து ஓரமாக வைத்துவிட்டேன். கதைத்து முடித்து, விறாந்தையில் எல்லாருக்கும் வாழையிலை போட்டு, கை கழுவச் செம்பு வருகிற நேரம் வயிறு உருளத் தொடங்கியது.

அக்கா வீட்டுக் கக்கூசு அந்த விறாந்தையோடு ஒட்டியது. கதவுக்கு முன்னால் மாப்பிள்ளையின் தாய் இருந்தா. அவவின் கதிரையை நகர்த்தச் சொல்லி, அவ்வளவு பேருக்கும் கேட்கக் கேட்க உள்ளே போய் இருக்க என்னால் ஏலாது. எழும்பினேன். “தலையிடிக்குது அக்கா, நான் போயிட்டு வாறன்” என்றேன். சோற்றுக் கரண்டியோடு நின்ற அக்கா என்னையும் என் இலையையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் ஓடிப்போய் ஓட்டோ பிடித்தார்.

கண்டி வீதியில் கொஞ்சத் தூரம்தான் தாங்கியது. ஓட்டோவை நிற்பாட்டி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் படலையைத் தட்டினேன். கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, தும்புத்தடியாலேயே கிணற்றடிப் பக்கத்துக் கக்கூசைக் காட்டினாள். வெளியே வந்தபோது ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரமும் வைத்திருந்தாள். முன்பின் தெரியாதவளிடம் அது எவ்வளவு லேசாக இருந்தது. கூடப்பிறந்தவளிடம்தான் முடியவில்லை.

அடுத்த நாள் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். “வேலையாய் இருக்கிறன், பிறகு கதைக்கிறன்” என்றாள். அந்தப் பிறகு வரவேயில்லை. மாப்பிள்ளை பக்கத்தில், பெம்பிளையின் சின்னம்மாவுக்கு இந்தச் சம்மந்தம் பிடிக்கவில்லையோ என்று கேட்டார்களாம். பெறாமகள்தான் சொன்னாள். “சின்னம்மா, உங்களுக்கு அவரைப் பிடிக்கேல்லையோ?” என்று அவளும் கேட்டாள். அப்போதும் தலையிடி என்றுதான் சொன்னேன்.

கலியாணத்துக்குச் சொல்ல வருவது என்றால் புருஷனும் பெண்சாதியுமாக வந்து, உள்ளே இருந்து, ஏதாவது குடித்துவிட்டுத்தான் போவார்கள். எங்கள் வீட்டுக்கு அத்தான் தனியாக வந்தார். படலையடியில் நின்றே அட்டையை நீட்டினார்.

“உள்ளுக்கு வாங்கோ அத்தான். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

“இல்லைப் பிள்ளை. இன்னும் கனக்க இடம் போகவேணும்.”

பாவம், அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா. நான் அவள் வீட்டில் நனைக்கவில்லை, அவள் ஆள் என் வீட்டில் நனைக்கவில்லை. இப்படித் தொடங்கி, செத்தவீட்டுக்கும் படலையோடு நின்று திரும்புகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். புற்றுநோய்க்குத் தப்பிவிட்டு அக்காவையும் பிள்ளையையும் இழக்கப்போகிறேனா என்று அன்று உண்மையாகவே பயந்தேன்.

“உள்ளதைச் சொல்லுமன்” என்றார் இவர்.

“வயித்தாலை போறதெண்டு அக்காவிட்டைப் போய்ச் சொல்லட்டோ?”

“ஓம். வேறை என்னத்தைச் சொல்லப்போறீர்?”

முதலில் டொக்டரிடம் சொன்னேன். சின்னப் பெண். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவள் முகம் சுளிக்கவில்லை. “உதை ஏன் அம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்றாள். வேறு நோய் ஒன்றும் இல்லை என்று சோதித்துப் பார்த்தார்கள். அந்த மருந்துகளால் குடலும் புண்பட்டிருக்கும், ஆற நாள் எடுக்கும் என்றாள். பாலை இப்போதைக்கு விடவேண்டும், எண்ணெயையும் உறைப்பையும் குறைக்கவேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பலதரம் சாப்பிடவேண்டும், குழைந்த வெள்ளைச்சோறு, அவித்த கரட், வாழைப்பழம். பயணம் போகிற நாளில் போட ஒரு குளிசையும் தந்தாள். பட்டினி கிடந்து பயணம் போகக்கூடாது என்று குறிப்பாகச் சொன்னாள். அக்கா வீட்டு நாளுக்குப் பிறகு நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. ஒன்றிரண்டு கிழமையில் முழுதாகச் சரிவரவில்லை. ஆனால் வயிறு முந்திய மாதிரிப் பாய்ந்து விழுவது குறைந்தது.

பிறகு பஸ் ஏறினேன். வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து சாவகச்சேரி. வழியில் எங்கெங்கே கக்கூசு இருக்கிறது என்பது இப்போது எனக்கு மனப்பாடம். பைக்குள் மாற்றுடுப்பு, சவர்க்காரம், தண்ணீர்ப் போத்தல். இவர் பக்கத்தில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா பின் குசினியில் கலியாணப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “வாங்கோ” என்றாள்.

பிறந்த நாள் முதல் என்னை “வாடி” என்று கூப்பிட்டவள். அந்த “வாங்கோ”வைத் தாங்க ஏலாமல் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தை வழியில் நடந்தது, அவள் விறாந்தையில் வயிறு உருண்டது, கண்டி வீதியில் படலை தட்டியது. அக்கா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்.

“மார்பை எடுத்ததை ஊர் முழுக்கச் சொன்னனி. உதைச் சொல்ல என்னிலை நம்பிக்கை இல்லையோடி?”

“வெக்கமாய் இருந்தது அக்கா.”

“சின்னனிலை உனக்குக் கால் கழுவி விட்டது ஆர்?”

அவள் கண்ணைத் துடைத்தாள், எண்ணெய்ப் புகை என்றாள். பிறகு எது ஒத்துவரும், எது வராது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வெள்ளையரிசியைக் குழையக் காய்ச்சினாள். கடைசியாகப் பிழிந்த தண்ணித் தேங்காய்ப்பாலில் மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு ஒரு மீன்துண்டை அவித்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தானே என் கையில் ஊற்றினாள்.

“ருசியாய் இருக்கோ?”

“இல்லை.”

“வயிறுதான் பழுதாய்ப் போச்சு. உன்ரை வாய் அப்பிடியே கிடக்கு.”

சாப்பிட்டு முடித்தபின்தான் அடுத்த பயத்தைச் சொன்னேன். எங்கள் சேர்ச்சில் கலியாணம் என்றால் பெம்பிளையின் தாயும் சின்னம்மாமாரும் நடுப்பாதையோடு போட்ட நீள இருக்கைகளில் முதல் வாங்கில் இருக்கவேண்டும். ஆராதனை, பிரசங்கம், பாட்டு என்று அது லேசில் முடியாது. இடையில் எழும்பினால் முழுச் சனமும் பார்க்கும். “நான் சேர்ச்சுக்கு வராமல் வீட்டிலை நிண்டால் கோவிப்பியோ?” என்று கேட்டேன்.

“வராட்டித்தான் கோவிப்பன்” என்றாள். என் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

கலியாணத்தன்று கதவோடு இருந்த கடைசி வாங்கில் ஒதுங்கி இருந்தேன். அத்தான் வந்து கூப்பிட்டார்.

“முன்னுக்கு இருந்தால் எழும்பேலாது அத்தான்.”

“அங்கை இல்லைப் பிள்ளை. வாரும்.”

நடுப்பாதையின் முதல் வாங்கில் வேறு சொந்தக்காரர் இருந்தார்கள். எங்கள் குடும்பம் முழுவதும் பக்கச் சுவரோடு போட்ட வாங்கில் இருந்தது. அதை ஒட்டி ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து நாலடி வைத்தால் சேர்ச் கக்கூசு. கரையில் எனக்கு இடம் விட்டு, பட்டுச்சேலையோடு அக்கா இருந்தாள். மாப்பிள்ளையின் தாய் வந்து, ஏன் இந்த மூலையில் என்று கேட்டா. “இஞ்சை காத்து நல்லாய் வரும்” என்றாள் அக்கா.

பிரசங்கத்தின் நடுவில் வயிறு உருண்டது. எழும்பிப் போனேன். ஒருவரும் திரும்பவில்லை. திரும்பி வந்தபோது என் இடத்தில் அக்காவின் கைப்பை இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அப்போது போதகர் உடன்படிக்கை வாசிக்கத் தொடங்கியிருந்தார். நான் பெறாமகளைப் பார்க்க எட்டினேன். நாங்கள் இருந்த பக்கத்திலிருந்து அவளின் முதுகும் முக்காட்டு வலையும்தான் தெரிந்தன. தாய் ஆசையோடு காத்திருக்கிற நேரம் அது.

“அக்கா, இஞ்சையிருந்து பிள்ளையின்ரை முகம் தெரியேல்லையே” என்றேன்.

“அவளின்ரை முகம் நான் காணாததோ?” என்றாள் அக்கா. “நீ இரு.”