ஒரு கடையில் நீக்கி, மறு கடையில் சேர்த்தல்

என் போனுக்குள் ஒரு ஜெபமாலை இருந்தது. திரையில் ஐம்பத்து மூன்று மணிகள். ஒரு மணியைத் தொட்டால் என் மனைவியின் குரல் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்லும். மறுபாதியை நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் காத்திருக்கும்.

செம்பட்டியில் லாரி புக்கிங் ஆபீசில் எனக்கு வேலை. திண்டுக்கல் வீட்டில் ஏழு மணிக்கு ஜெபமாலை என்றால், அது முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்து சேரும் பஸ்ஸில்தான் ஏறுவேன். பஸ்ஸின் மேல் பழி போட்டே பல வருடம் ஓட்டிவிட்டேன். கடைசியில் அவளே ஆப் கடையில் தேடி அந்த ஜெபமாலை ஆப்பை என் போனில் இறக்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமையலுக்கு நடுவில் உட்கார்ந்து தன் குரலைப் பதிந்து, போனை நீட்டினாள்.

"இனிமே பஸ்ஸு லேட்டுன்னு கத விட முடியாதுல்ல? பஸ்ஸுக்குள்ளயே சொல்லிக்கிட்டு வாங்க."

மறு வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகுதான் நேரத்தோடு வீடு திரும்பப் பழகினேன். மாதா சுரூபத்தின் முன்னால் போனைச் சாய்த்து வைத்து, அவள் சொல்லச் சொல்ல நான் பதில் சொல்வேன். மூன்றாவது பத்தில் ஏழாவது மணியில், பதிவுக்குள்ளேயே குக்கர் விசில் அடிக்கும். அவள் ஜெபத்தை நிறுத்தாமல், அதே ராகத்தில், "அடுப்ப அணைங்க" என்பாள். மாதாவே எழுந்து போய் அணைத்துவிடுவாளோ என்று இருக்கும். ஐம்பத்து மூன்று மணிகளில் அது ஒன்றுதான் எனக்கென்று சொன்னது. தினமும் "அணைச்சுட்டேன்" என்பேன்.

இந்த வருடம் என் மகள் கோயம்புத்தூரிலிருந்து புதுப் போனோடு வந்தாள். பழையதன் கண்ணாடி உடைந்து, என் கட்டைவிரலில் ரத்தம் பார்த்திருந்தது. புதியது வேறு வகைப் போன். ஆப் இறக்கும் கடையும் வேறு.

"அப்பா, உங்க பழைய கடையில கண்டதும் வந்து உக்காந்துக்கிடும். இங்க சோதிச்சுப் பாத்துத்தான் உள்ள விடுவாங்க."

"அப்படின்னா என்னைய எப்படி விட்டாங்க?"

"நீங்க வாங்குற ஆளுப்பா. வாங்க வர்றவங்கள யாரு தடுப்பா?"

அவள் ஊருக்குப் போன மறுநாள், இரண்டு போன்களையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு கடைகளையும் சுற்றினேன். பழைய கடை வாரச்சந்தை. கத்திரிக்காய் கேட்டால் கத்திரிக்காயும் வரும், எலி மருந்தும் வரும், நடுவில் ஒருத்தன் ரம்மி விளையாடக் கூப்பிடுவான். புதுக் கடை ஏ.சி. போட்ட நகைக்கடை. எல்லாம் கண்ணாடிக்குள் மின்னும். எதைத் தொட்டாலும் ரகசிய எண் கேட்கும். எனக்கே நான் திருடனோ என்று சந்தேகம் வரும். ஆனால் ஜெபமாலை ஆப் இரண்டிலும் இருந்தது. அதே பெயர், அதே நீல மணி. இறக்கினேன். முதல் மணியைத் தொட்டேன். சத்தமே இல்லை.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது சும்மா இருந்திருக்கலாம்.

என் மகளுக்குக் கல்யாணம் ஆனபோது, எங்கள் ரேஷன் கார்டில் அவள் பெயரை நீக்கிய பிறகுதான் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்தார்கள். ஒரே ஆள் இரண்டு கடையில் இருக்க முடியாது. போன வருடம் இறப்புச் சான்றிதழோடு போய் என் மனைவியின் பெயரை நீக்கியவனும் நானே. அப்போது சேர்க்க வேறு கார்டு இல்லை. ஆகவே பழைய போனில் அவள் இருக்கும்வரை புதியதில் வரமாட்டாள் என்று முடிவு கட்டினேன். ஆப்பை நீக்கினேன். போன் ஏதோ கேட்டது. எதைக் கேட்டாலும் 'சரி' அழுத்துவது என் பழக்கம். கல்யாணத்திலிருந்து வந்தது.

புதுப் போனில் மணியைத் தொட்டேன். சத்தம் இல்லை. அணைத்துப் போட்டேன். இல்லை. பழையதில் மறுபடி ஆப்பை இறக்கினேன். வந்தது, மணிகளும் வந்தன, அவள் வரவில்லை. போன் கெட்டால் அரிசியில் வைக்க வேண்டும் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வர, பழையதை அரிசிப் பானையில் புதைத்தேன். நனையாத போனை அரிசியில் புதைத்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஐந்து நிமிடம் பானை முன்னால் நின்றேன், வெந்துவிடும் என்பது போல. பிறகு அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரிப்பேர் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் சார்ஜர் ஓட்டையிலிருந்து ஓர் அரிசியை ஊசியால் எடுத்தார். "என்னண்ணே, தண்ணில விழுந்துருச்சா?"

"போன் விழல. நான்தான் விழுந்துட்டேன்."

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கடையில ஆப்பு மட்டுந்தாண்ணே இருக்கும். எந்தக் கடையா இருந்தாலும் அம்புட்டுத்தான். அக்கா பேசுனது உங்க போனுக்குள்ள மட்டுந்தான் இருந்துச்சு. நீங்க எடுத்துட்டீங்க."

இரண்டு நாள் போனை வைத்திருந்து பார்த்துவிட்டு, துடைத்துத் திருப்பித் தந்தார். காசு வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"அம்மா அதுல பேசுனத நான் ஒருநாள் கூடக் கேக்கலியேப்பா."

"ஜெபந்தான் தாயி. நடுவுல ஒருக்கா அடுப்ப அணைக்கச் சொல்லுவா."

"எப்படிச் சொல்லும்? சொல்லிக் காட்டுங்க."

சொல்லிக் காட்டினேன். என் தொண்டையில் அது அவள் குரலாக வரவில்லை. லாரி டிரைவரை அதட்டுவது போல வந்தது. மகள் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

புதுப் போனில் அந்த ஆப் இன்னும் இருக்கிறது. திறந்தால், உங்கள் குரலைப் பதிவு செய்யலாமா என்று கேட்கும். இப்போதெல்லாம் நான் 'சரி' அழுத்துவதில்லை. ஏழு மணிக்கு என் மனைவியின் பழைய மாலையைக் கையில் எடுத்து உட்காருகிறேன். முதல் பாதிக்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்குத் தெரியும். அதுவரை பேசாமல் இருந்துவிட்டு மறுபாதியைச் சொல்கிறேன். மூன்றாவது பத்தில் ஏழாவது மணி வரும்போது, கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறேன்.

"அணைச்சுட்டேன்."