மிஸ்ஸி நம்பாத ஜீரோ

போன வாரம் பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன். சக்கரம் வைத்த கணினியைத் தள்ளிக்கொண்டு வந்த இளம் தாதி, "அங்கிள், பெயின் எவ்வளவு? ஜீரோலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்றார். வயிற்றுக்குள் யாரோ மேசை நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். "ரெண்டு" என்றேன்.

ஐம்பது வயதில், நாலு அலமாரிப் புத்தகம் படித்தவன் சொன்ன பதில் அது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள், மறுக்காதீர்கள். தாதி கையில் தேய்த்துக்கொண்ட கிருமிநாசினியின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மிஸ்ஸி லிம் ஞாபகம் வந்துவிட்டது.

சிங்கப்பூரில் தாதிகளை நம் பெரியவர்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அறுவைசிகிச்சை வார்டில் குமாஸ்தா. கோப்பு அடுக்குவேன், தொலைபேசி எடுப்பேன், தமிழ் நோயாளி வந்தால் மொழிபெயர்ப்பேன். கடைசி வேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. சீனரான மிஸ்ஸி லிம்முக்குத் தேக்கா சந்தையில் பொறுக்கிய தமிழ் கொஞ்சம் தெரியும். எல்லாமே 'நீ, வா, போ' ரகம். எழுபது வயதுக்காரரையும் "நீ சாப்பிட்டியா?" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை நின்று பார்த்து, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைத்து, சிறுநீரைக்கூட அளந்து எழுதுகிறவரிடம் 'ங்க' எதிர்பார்ப்பது அநியாயம் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கும்.

கோவிந்தசாமி என்று ஒரு பெரியவர். செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். குடலில் அறுவை முடிந்து மூன்றாம் நாள். அன்று காலை மூன்று முறை மிஸ்ஸி வலியை விசாரித்தார். மூன்று முறையும், "ஒண்ணுமில்ல தம்பி, ஜீரோன்னு சொல்லு" என்றார் பெரியவர். அதை நான் சுத்தமான ஆங்கிலத்தில் 'ஜீரோ' என்று மொழிபெயர்த்தேன். தெம்பனிஸிலிருந்து வந்திருந்த மகள் கட்டிலை விட்டு நகரவில்லை.

நாலாவது முறை மிஸ்ஸி என் வாயைப் பார்க்கவில்லை. பெரியவரின் கையைப் பார்த்தார். அது கட்டில் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தது. மகளிடம், "நீ கீழ போ. கோப்பி குடி" என்றார். அவள் போனதும் திரையை இழுத்து மூடினார்.

"இப்ப கேளு லா."

கேட்டேன். திரை முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார் பெரியவர். "ஒம்பது. புள்ள பயந்துரும் தம்பி. அவ அம்மா போனது இப்படி ஒரு வார்டுலதான்."

மிஸ்ஸி வயிற்றைத் தொட்டார். பலகைபோல் இருந்தது. நாடி, காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தார். காலையிலிருந்து ஜீரோதானே என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "சார்ட்தான் ஜீரோ, டாக்டர். பேஷண்ட் ஜீரோ இல்ல. இப்பவே வாங்க" என்றார் மிஸ்ஸி ஆங்கிலத்தில்.

உள்ளே தையல் விட்டிருந்தது. உடனே மறுபடியும் அறுவைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்று டாக்டரே பிறகு சொன்னார்.

என் மூன்று ஜீரோக்களும் குறிப்பேட்டில் வட்டமாக, அழகாக இருந்தன. திட்டு விழும் என்று நின்றேன். மிஸ்ஸி கையைக் கழுவிக்கொண்டே, "நீ நல்லா பேசறே லா. பாக்க மாட்டேங்கிறே" என்றார். திட்டியிருக்கலாம்.

பெரியவர் பிழைத்தார். வீட்டுக்குப் போகும் நாளில் வலியைக் கேட்டதற்கு "ஜீ" என்று ஆரம்பித்தவர், மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டு" என்று இறங்கிவந்தார்.

அந்த வார்டை இடித்துவிட்டார்கள். கட்டில் கால்மாட்டில் தொங்கிய குறிப்பேடு போய்விட்டது. மிஸ்ஸி என்றால் என் மகனுக்கு யாரென்றே தெரியாது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தபோது, "கீழ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வரவாங்க?" என்றாள் மனைவி. போகச் சொன்னேன். திரையை மூட மிஸ்ஸி லிம் இல்லை. கையை நீட்டி, எனக்கு முடிந்த பாதி தூரம் இழுத்துவிட்டு, மணியை அழுத்தினேன்.

"ஏழு" என்றேன், வந்த தாதியிடம்.